இரண்டு தரம் எண்ணுகிறவள்

"அம்மாவுக்கு ஒரு மாசத்துக்கு மாத்திரை வேணுங்க..."

மருத்துவமனை மருந்தகத்தின் ஜன்னலுக்கு வெளியே கேட்ட அந்தக் குரலில் அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அவள் மனசுக்குள் பெயர் வைத்திருந்த அந்தச் சோதனைச்சாவடி!

மேலாண்மைக் கல்லூரி நுழைவுத் தேர்வை அவள் நான்கு முறை எழுதியிருக்கிறாள். நான்கு முறையும் கூடத்து வாசலில் நிறுத்தி, பாக்கெட்டை வெளியே இழுக்கச் சொல்லி, கண்ணாடியைக் கழற்றி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்த புண்ணியவான் இவன்தான். கண்ணாடி அவன் கையில் இருக்கும்போது அவள் கண்ணுக்கு எல்லாமே புகைமூட்டம். அதை வாங்கி மாட்டி நிமிர்வதற்குள் அவன் அடுத்தவரிடம் போயிருப்பான். அதனால் குரல் மட்டும்தான் பழக்கம். முகத்தை இன்றுதான் பார்க்கிறாள்... மழையில் தொப்பலாக நனைந்த, பாவமான முகம்.

விடுவாளா?

"சீட்டு இருக்கட்டும். முதல்ல பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டுங்க."

அவன் நிஜமாகவே பாக்கெட்டில் கை விட்டான். பாதியில்தான் உறைத்தது.

"அடடா... நீங்களா!"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாத்திரைகளைத் தட்டில் கொட்டினாள். ஐந்தைந்தாக முப்பது. திரும்பவும் முதலிலிருந்து, ஐந்தைந்தாக முப்பது.

"அங்கயும் இப்படித்தான்..." என்றவன் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அங்கயும் எப்படி? சொல்லுங்க. சொன்னாத்தான் மாத்திரை."

"பரீட்சை முடிஞ்சதும் கணக்குப் போட்டுப் பார்க்க உங்களுக்குக் குடுத்த பலகையை நான்தான் துடைப்பேன். ஒவ்வொரு கணக்கையும் ரெண்டு தரம் போட்டிருப்பீங்க. கடைசியில நேரம் பத்தாம போயிருக்குமே?"

அவளுக்குச் சுருக்கென்றது. வருஷக்கணக்கில் மூடி வைத்திருந்த புண். அதை ஒரு வாசல்காரன் தொட்டுவிட்டான்!

"என் கிறுக்கலைப் படிக்கிறதுதான் உங்க உத்தியோகமா?"

"தப்புதாங்க... ஆனா மாத்திரை தப்பினா உயிர் போகும். கணக்கு தப்பினா ஒரு மார்க் போகும், அவ்வளவுதானே?"

பொட்டலத்தை அவன் பக்கம் தள்ளிவிட்டு, "அடுத்தவங்க வாங்க!" என்றாள். அடுத்தவர் என்று யாருமே இல்லை.

சாயங்காலம் வீட்டில் அப்பா காபி டம்ளரை வைத்தபடி சொன்னார்: "அஞ்சாவது தடவையோட இதை மூட்டை கட்டிடும்மா. உன்னை இப்படிப் பார்க்க முடியல." அண்ணன், "அந்தக் கூடத்துல இவ பேர்ல ஒரு நாற்காலியே ஒதுக்கிட்டாங்களாம்ப்பா," என்றான். அவளும் சிரித்துவைத்தாள். சிரித்து முடித்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எண்ணூறுக்கு முதல் முறை நானூற்று எண்பது. நான்காம் முறை நானூற்றுத் தொண்ணூறு. கல்லூரி கேட்பதோ அறுநூற்றைம்பது. இரண்டு வருஷம் விழுந்து விழுந்து படித்ததற்குப் பத்தே பத்து மதிப்பெண்! தனக்கு மூளையே மட்டுதானோ... அதைத்தான் அவள் யாரிடமும் கேட்காமல் விழுங்கிக்கொண்டிருந்தாள்.

பழைய பயிற்சித் தாள்களைக் கோபத்தோடுதான் எடுத்தாள். புரட்டப் புரட்டக் கோபம் இறங்கியது. போட்ட கணக்கெல்லாம் சரி. ஒவ்வொரு தாளிலும் கடைசிப் பத்துக் கேள்விகள் வெள்ளையாகக் கிடந்தன. மட்டு என்று நினைத்து அழுததெல்லாம், மருந்தகத்தில் இரண்டு தரம் எண்ணிப் பழகிய கையின் வேலை! அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கூடவே இன்னொன்றும்... நாற்பது பேர் எழுதும் கூடத்தில், தன் கிறுக்கலை ஒருவன் இவ்வளவு அக்கறையாகப் பார்த்திருக்கிறானே!

முப்பது மாத்திரை தீர முப்பது நாள் ஆகும். அவன் ஒன்பதாம் நாளே வந்து நின்றான்.

"அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது..."

"சொன்னது சரிதான். நான் கத்தினதுதான் தப்பு," என்றாள் அவள், கையிலிருந்த வேறு யாருடைய சீட்டையோ பார்த்தபடி. "அம்மாவுக்கு மாத்திரை தீர்ந்துடுச்சா?"

"இல்லையே..."

பிறகு அவன் காரணம் தேடுவதையே விட்டுவிட்டான். வருவான், நிற்பான், கூட்டம் வந்தால் ஒதுங்குவான். கை இரண்டாம் முறை கணக்குப் போடப் போகும்போதெல்லாம் இன்னொரு கையால் தட்டித் தட்டி அதைப் பழக்கிய கதையை அவள் சொல்ல, கண் இமைக்காமல் கேட்பான்.

ஐந்தாம் தேர்வன்று வாசலில் வேறொருவர் நின்றிருந்தார்.

"அவர் இல்லையா?"

"லீவும்மா. வேண்டியவங்க யாராவது எழுத வந்தா, என்ன உறவுன்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுத்துட்டு ஒதுங்கிடணும். அதான் விதி."

அவள் கன்னம் சுட்டது. நல்லவேளை, கண்ணாடி அவரிடம் இருந்தது... யார் பார்த்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

வெளியே வந்தபோது மழை. எதிர்ப் பேருந்து நிறுத்தத்தில் குடையோடு அவன், காலையிலிருந்தே நின்றவன்போல.

"கம்ப்யூட்டர்லயே மார்க் வந்துடுச்சு. அறுநூற்றுப் பத்து," என்றாள். "இன்னும் நாற்பது குறையுது. ஆனா ஒரு கேள்வியைக்கூட விடல. எனக்கு மூளை ஒண்ணும் மட்டு இல்லைங்க..."

அவன் குடையை அவள் பக்கம் நகர்த்தினான். பாதி முதுகு நனைந்தது அவனுக்கு.

"அப்பாகிட்ட நானே பேசிக்கிறேன். மறுபடியும் எழுதப் போறேன். அது சரி... அந்தத் தாள்ல என்ன உறவுன்னு கேட்டிருப்பாங்களே, என்ன எழுதினீங்க?"

அவன் மழையைப் பார்த்தான். செருப்பைப் பார்த்தான். கடைசியில்தான் அவள் கண்களைப் பார்த்தான்.

"கல்யாணம் பண்ணிக்க ஆசை. இன்னும் கேக்கல... அப்படின்னு எழுதிட்டேன். ஆபீஸே சிரிச்சுது."

அவள் யோசித்தாள். ஒரே ஒரு முறைதான்.

"அடுத்த தடவை லீவு போடும்போது," என்றாள் மெதுவாக, "கேட்டாச்சு, சரின்னுட்டாள்னு எழுதுங்க."