கருநீர்த்துறையில் ஒரு திருத்தம்

இந்த முறையும் தர்ஷன் ஓடத்தில் ஏறவில்லை.

மேசைமேல் விரிந்திருந்த ஒளிவரைபடத்தில் நீலப்புள்ளியும் பச்சைப்புள்ளியும் ஓடத்தில் ஏறிவிட்டன. மஞ்சள்புள்ளி மட்டும் கரையிலேயே நின்றது. ஒத்திகைப்பொறியின் ஓரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. குழு பிரிந்துவிட்டது, இனி இந்தச் சாகசம் முடிவை எட்டாது என்று அதற்கு அர்த்தம். ரித்திகா பொறியை நிறுத்தினாள். சிவப்பு எரிந்தபின் ஓடவிடுவது வீண் மின்செலவு; உடனே நிறுத்துவது கதைசொல்லிகள் எல்லோருக்கும் ஊறிப்போன பழக்கம்.

"இவனுக்கு என்னதான் வந்துச்சு?" என்று ஆளில்லாத அறையில் சத்தமாகக் கேட்டாள்.

மஞ்சள்புள்ளி தர்ஷன் அல்ல. தர்ஷன் அந்த நேரத்தில் கணபதிப் பகுதியில் தன் பம்ப்செட் கடையில் இருந்திருப்பான். மேசைமேல் இருந்தது அவனுடைய மனப்படி. நெற்றிப்பட்டையைக் கட்டிக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்தால் போதும்; ஒருவர் எப்படி முடிவெடுப்பார் என்பதற்கு ஒரு நகல் தயாராகிவிடும். அந்தப் படிக்கு உயிர் கிடையாது என்று செய்தவர்கள் சத்தியம் செய்கிறார்கள். ஆனால் நீங்கள் எங்கே தயங்குவீர்களோ அங்கே அதுவும் தயங்கும். ஊரில் இப்போது ஒத்திகை பார்க்காமல் யாரும் எதுவும் செய்வதில்லை. சம்பள உயர்வு கேட்பதற்கு முன் முதலாளியின் படியிடம் கேட்டுப் பார்க்கிறார்கள். சம்பந்தம் பேசப் போகிறவர்கள் இரண்டு வீட்டாரின் படிகளையும் முதலில் சண்டை போடவிடுகிறார்கள். நேரடியாகப் போய் நிற்பவனை வெள்ளந்தி என்று சிரிக்கிறார்கள்.

ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. படிகள் என்ன செய்தன என்பதைப் பொறி காட்டும். என்ன பேசின என்பதைக் காட்டாது, சேமித்தும் வைக்காது. ஆரம்பத்தில் காட்டிக்கொண்டுதான் இருந்தது. அடுத்தவர் மனதில் கிடந்ததெல்லாம் வெளியே கொட்டி, பாதிக் குடும்பங்கள் நீதிமன்ற வாசலில் நின்ற பிறகு சட்டம் வந்தது. இப்போது படி பேசும்போது புள்ளி லேசாகத் துடிக்கும். அவ்வளவுதான் தெரியும்.

ரித்திகாவுக்குப் பொறி தேவைப்பட்டது கதையாட்டத்துக்காக. ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிச் சேர்ந்து வாழ்கிற ஆட்டம் அது. சாகசங்கள் புத்தகமாக அச்சாகி வரும். குகை எங்கே, பூதம் எங்கே, துரோகி யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆனால் புத்தகம் எழுதியவருக்கு உங்கள் வீட்டு மேசையில் உட்காரும் ஆட்களைத் தெரியாது. அதனால் கதைசொல்லி அதைத் தன் குழுவுக்கு ஏற்பத் திருத்த வேண்டும்; கடையில் வாங்கிய சட்டையை உடம்பளவுக்குப் பிடித்துத் தைப்பது போன்ற வேலை. முன்பெல்லாம் ஆட்களை மனதில் வைத்துக்கொண்டு திருத்தினார்கள். இப்போது படிகளை ஓடவிட்டு, பச்சை விளக்கு எரிகிறவரை திருத்துகிறார்கள்.

அவள் குழு கல்லூரியில் சேர்ந்த குழு. ரித்திகா, தர்ஷன், பர்வேஸ், லோகிதா. எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது. பெயர்கள் மட்டும் இன்னும் தொட்டில் குழந்தைகளின் பெயர்கள்போல இருக்கின்றன. கல்யாணம், கடன், விவாகரத்து எல்லாவற்றையும் தாண்டி அந்த ஞாயிற்றுக்கிழமை மேசை நின்றது. லோகிதாவின் புருஷன் விட்டுப் போனபோதுகூட அவள் அந்த வார ஆட்டத்தை விடவில்லை.

'கருநீர்த்துறை' புத்தகத்தை ரித்திகாவின் பிறந்தநாளுக்குத் தர்ஷன்தான் வாங்கி வந்தான்.

"இத நீ நடத்து. நான் பிரிச்சுக்கூடப் பாக்கல. சத்தியமா."

ஆட்டக்காரன் சாகசப் புத்தகத்தைப் படிப்பது வினாத்தாளைத் திருடுவதற்குச் சமம். அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்பதால் அவள் அதற்குமேல் யோசிக்கவில்லை.

புத்தகத்தின் நடுவில் அந்தத் துறை வருகிறது. பாதாளத்தில் ஓடும் கரிய ஆறு. ஓர் ஓடம். குழுவில் ஒருவருக்கு அதில் இடம் இருக்காது. ஓடம் போனபின் வெள்ளம் ஏறிக் கரையை விழுங்கிவிடும். யுக்தியும் மந்திரமும் இருந்தால் எல்லோரும் கடக்கலாம். யாராவது தங்க முடிவெடுத்தால் கதைசொல்லிக்கு ஒரு குறிப்பு: 'தங்குபவர் பேசி முடிக்கட்டும். அவசரப்படுத்த வேண்டாம்.'

ரித்திகா ஓடத்தைப் பெரிதாக்கினாள். எல்லோருக்கும் தாராளமாக இடம் வைத்தாள். மஞ்சள்புள்ளி இறங்கிக் கரையில் உட்கார்ந்தது. ஓடத்தில் புதையல் வைத்தாள். அவன் ஆடும் வைத்தியன் பாத்திரத்துக்கு அக்கரையில் ஒரு நோயாளியை வைத்து, அழவும் வைத்தாள். அதற்கும் அவன் அசையவில்லை. இடம் இருந்தும் இறங்குகிறான் என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

ஏனென்றால் சில மாதங்களாகவே அவன் சரியில்லை. "கடையில சோலி" என்று ஆட்டத்துக்கு மட்டம் போட்டான். வந்தாலும் சாப்பாட்டைக் கொறித்துவிட்டு வைத்தான். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தான்; டயட் என்று சொன்னான். அவனுக்கு நம்மேல் சலித்துவிட்டது, குழுவை விட்டுப் போகப் போகிறான் என்று ரித்திகா முடிவு கட்டினாள். அவன் போய்விட்டால் குழு இல்லை. குழு இல்லை என்றால் அவளுக்கு அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லை.

கேட்டிருக்கலாம். கேட்பதற்கும் ஒத்திகை பார்த்தாள். 'உனக்கு என்னடா ஆச்சு?' என்று தன் படியை விட்டு அவன் படியிடம் கேட்கச் சொன்னாள். மஞ்சள்புள்ளி எழுந்து அறையைவிட்டு வெளியே போய்விட்டது. திரும்பவும் கேட்கச் சொன்னாள். திரும்பவும் போனது. அதனால் அவள் கேட்கவில்லை.

கடைசியில் ஓடத்தையே எடுத்துவிட்டாள். ஆற்றின் குறுக்கே அகலமாக ஒரு கல்பாலம் போட்டாள். யாராவது நடுவில் நின்றால் பின்னாலிருந்து பாலம் இடியத் தொடங்கும். உட்காருவதற்குக் கரையே கிடையாது. படிகளை ஓடவிட்டாள். மூன்று புள்ளிகளும் குடுகுடுவென ஓடி அக்கரை சேர்ந்தன. பச்சை விளக்கு எரிந்தது. ரித்திகாவுக்குத் தன்மேலேயே பெருமையாக இருந்தது.

ஞாயிறு மத்தியானம் எல்லோரும் வந்தார்கள். அரிசிம்பருப்பு சாதம், நெய், அப்பளம். தர்ஷன் அன்று கொஞ்சம் சாப்பிட்டான். முகம் தெளிவாக இருந்தது. பயணத்துக்குத் தயாரான ஆள் மாதிரி இருந்தான் என்று பிறகு லோகிதா சொன்னாள்.

ஆட்டம் நன்றாகப் போனது. பர்வேஸ் வழக்கம்போலப் பகடையைத் திட்டினான். லோகிதா இரண்டு காவல்பூதங்களைப் பேசியே மயக்கினாள். பாதாளப் படிக்கட்டுகளில் இறங்கி, கரிய ஆற்றின் ஓசை கேட்டபோது தர்ஷன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"முன்னாடி ஒரு பாலம். நல்ல அகலமான கல்லுப்பாலம்" என்றாள் ரித்திகா.

தர்ஷன் அவளைப் பார்த்தான். "பாலமா?"

"ஆமா, பாலந்தான்."

"ஓடம் கீடம் ஒண்ணும் இல்லியா?"

"எதுக்குடா ஓடம்? பாலம்தான் இருக்குதே."

"இல்ல... சும்மா கேட்டேன்." பகடையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான், மேசையில் போடாமல். "கரையில எங்கியாச்சும் உக்கார முடியுமா? வைத்தியன் கொஞ்சம் களைச்சிருக்கான்."

"கரையே இல்ல. செங்குத்துப் பாறை."

பர்வேஸ் சிரித்தான். "உக்காந்து என்றா பண்ணப் போற? நட!"

பாலத்தின் நடுவில் தர்ஷன் தன் வைத்தியனை நிறுத்தினான். "நான் ஒரு நிமிசம் நிக்கறேன். இவங்க ரெண்டு பேருகிட்டயும் ஒண்ணு சொல்லோணும்."

ரித்திகா இதற்குத்தானே தயாராக இருந்தாள். இங்கேதான் அவன் பிரிவான் என்று நினைத்தாள். மேசையைத் தட்டினாள். "பின்னாடி கல்லு பேந்து விழுகுது! பாலம் இடியுது! ஓடறியா சாவறியா?"

"ஓடு மாப்ள!" என்று கத்தினான் பர்வேஸ். லோகிதா எழுந்தே நின்றுவிட்டாள். தர்ஷன் ஒரு கணம் வாயைத் திறந்து மூடினான். பிறகு பகடையை உருட்டினான். தப்பித்தான். கைத்தட்டலில் ஜன்னல் அதிர்ந்தது. அன்று மாலைக்குள் சாகசம் வெற்றியில் முடிந்தது. அவர்கள் ஆடியதிலேயே மிக நல்ல ஆட்டம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

வாசலில் செருப்பை மாட்டும்போது தர்ஷன் அவள் தோளைத் தொட்டான். "நல்லா மாத்தியிருக்கே, ரித்தி."

அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. பிரித்துக்கூடப் பார்க்காத புத்தகத்தில் எது மாறியது என்று அவனுக்கு எப்படித் தெரியும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த மாதம் தர்ஷன் இறந்துபோனான். கணையத்தில் புற்றுநோய். எத்தனையோ நோய்களை விரட்டிய காலம், அதை மட்டும் விரட்டவில்லை. மனைவி மிருதுளாவைத் தவிர யாருக்கும் தெரியவிடாமல் வைத்திருந்தான். பர்வேஸ் மயானத்தில் அழவில்லை, கோபமாக இருந்தான். "நாமெல்லாம் அவனுக்கு யாரு? ஒரு வார்த்த சொல்றக்கு ஆகாதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். லோகிதா வருவதையே நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரித்திகாவின் மேசை காலியாகக் கிடந்தது.

இறந்தவரின் மனப்படியை அழிக்க வேண்டும் என்பதும் சட்டம். குடும்பத்தில் ஒருவர் வந்து பொறியில் விரல் வைக்க வேண்டும். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு காலையில் மிருதுளா வந்தாள். காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுங்களா? அன்னிக்கு ஆட்டத்துல அவரு உங்ககிட்டயெல்லாம் சொன்னாருங்களா?"

"என்ன சொல்றக்கு?"

"சொல்லப் போறேன்னுதான் வந்தாரு. நேரா சொல்ல வாய் வரல அவருக்கு. என்கிட்டயே ரிப்போர்ட்ட நீட்டிட்டு வெளிய போயிட்டாரு." மிருதுளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் புத்தகத்தத் தேடிப் புடிச்சு வாங்கினாரு. ராத்திரியெல்லாம் படிச்சாரு. அதுல ஒரு ஓடம் வருதாமா. ஒருத்தரு கரையில நின்னுக்கலாமாமா. வைத்தியன் சொல்ற மாதிரி நான் சொல்லிருவேன், மிருது, அவுங்களுக்குப் புரிஞ்சிரும்னு சொன்னாரு. திரும்பி வந்து எதுவும் பேசல. சொல்லியாச்சுங்களான்னு கேட்டேன். ஆட்டம் ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு மட்டும் சொன்னாரு."

ரித்திகாவால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. அவன் பேசுவதற்கென்று தேடிக் கண்டுபிடித்த ஒரே இடத்தை அவள் கல்போட்டு அடைத்துவிட்டிருந்தாள். அதையும் அவனைப் பிடித்துவைக்கத்தான் செய்தாள்.

விரல் வைக்கும் பலகையை அவள் மிருதுளாவிடம் நீட்டவில்லை. பொறியைத் திறந்து, பழைய 'கருநீர்த்துறை'யை, ஒரு வரியும் திருத்தாமல், அச்சில் இருந்தபடி போட்டாள். படிகளை ஓடவிட்டாள்.

ஒளிவரைபடம் விரிந்தது. ஆறு, ஓடம், கரை. நீலம் ஏறியது, பச்சை ஏறியது. மஞ்சள்புள்ளி கரையில் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. ரித்திகாவின் கை பழக்கத்தில் நிறுத்தப் போனது. அவள் அதைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். இதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

மஞ்சள்புள்ளி துடிக்க ஆரம்பித்தது. நீண்ட நேரம் துடித்தது.

"என்னக்கா அது?"

"பேசறான்" என்றாள் ரித்திகா.

பிறகு நீலப்புள்ளி ஓடத்தைவிட்டு இறங்கியது. அது பர்வேஸ். நேராக வந்து மஞ்சளோடு ஒட்டிக்கொண்டது. லோகிதாவின் பச்சையும் இறங்கி வந்தது. ஓடம் காலியாக நின்றது. கரையில் மூன்று புள்ளிகளும் மாறி மாறித் துடித்தன. வரைபடத்தின் ஓரத்தில் ஊதாக் கோடு ஒன்று இருந்தது. அதுதான் வெள்ளம். அதை ஏற்ற வேண்டியது கதைசொல்லியின் படி, அதாவது ரித்திகாவின் படி. புத்தகப்படி அந்தக் கோடு இந்நேரம் கரையை மூடியிருக்க வேண்டும். அது இருந்த இடத்திலேயே நின்றது. அவளுடைய படி வெள்ளத்தை வரவிடவில்லை.

ஒவ்வொரு ஒத்திகையிலும் இதுதான் நடக்கவிருந்தது. ஒவ்வொரு முறையும் அவன் சொல்ல வாயெடுத்தான், நண்பர்கள் இறங்கி வரவிருந்தார்கள், அவளே ஆற்றை நிறுத்தி வைக்கவிருந்தாள். அதைத்தான் அவள் தோல்வி என்று அணைத்தாள். நிஜத்தில் அவர்களுக்கு மிஞ்சியது கைத்தட்டலும் ஒரு கல்பாலமும்.

பொறியின் திரையில் எழுத்து வந்தது: 'குழு நகரவில்லை. சாகசத்தைத் திருத்தட்டுமா?'

ரித்திகா வேண்டாம் என்று தொட்டாள். "என்ன பேசறாங்கன்னு காட்டாது மிருது. எங்கியும் பதிஞ்சும் இருக்காது" என்றாள். பிறகு விரல் பலகையை எடுத்து, மிகவும் மெதுவாக, மிருதுளாவின் பக்கம் நகர்த்தினாள்.

மிருதுளா அதைத் தொடவில்லை. மேசைமேல் குனிந்து, துடித்துக்கொண்டிருந்த மஞ்சள்புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கட்டும்க்கா" என்றாள். "அவரு பேசி முடிக்கட்டும்."