நூறு நாள் நாற்காலி

கிரகணம் முழுசாக விட்ட பிறகும், தரையில் விழுந்திருந்த வெயில் அரிவாள் வடிவத்திலேயே கிடந்தது.

தீர்த்தகிரி தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டுக் கூரையில் ஓர் ஓடு விரிசல் விட்டு ஓட்டை விழுந்திருந்தது. மூன்றரை மணிக்குச் சூரியன் பாதி மறைந்தபோது அந்த ஓட்டை வழியாக வந்த வெளிச்சம் அரிவாளாக வளைந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஏழாம் வகுப்புப் பையனுக்கே அதை விளக்கிவிடலாம். இப்போது மணி ஐந்தேகால். சூரியன் முழுசாக வெளியே வந்து, மைதானத்துப் புளியமரத்தடியில் வெயில் வட்டம் வட்டமாகச் சிதறிக் கிடந்தது. இந்த ஒன்று மட்டும் வளைந்தே இருந்தது. இருந்த இடத்தை விட்டு நகரவும் இல்லை.

கண் கெட்டுவிட்டது என்று எரிச்சலோடு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவருக்கு எதைப் பார்த்தாலும் எரிச்சல்தான். பரமத்தி வேலூர் பக்கத்து இந்த உயர்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகச் சரித்திரம் சொல்லித் தொண்டை வற்றியவர் அவர். தலைமையாசிரியர் பதவி இரண்டு தரம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்து வேறு ஆளுக்குப் போயிற்று. இரண்டாம் தரம் போனது அவரைவிட ஏழு வயது சின்னவரான சென்னியப்பனுக்கு. வெற்றிலைத் தோட்டமும், நிர்வாகக் கமிட்டியில் ஒரு மாமாவும் இருந்தால் சீனியாரிட்டி எதற்கு?

அந்தச் சென்னியப்பன்தான் போன வாரம் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஏனுங்க, நம்ம நட்சத்திரம் அவிட்டத்துலதான் கெரகணம் புடிக்குதாமா. நூறு நாளைக்கு ஆகாதுன்னு சோசியர் சொல்லிப்போட்டாரு. நான் லீவு போட்டுட்டுத் தோட்டத்துல இருந்துக்கறனுங்க. பொறுப்பு நீங்க பாத்துக்கோணும். சூன் மாசம் நான் வேலைய உட்டுட்டு, இந்த எடத்த உங்களுக்கே எழுதிக் குடுத்தர்றேன்."

"சரிங்க," என்றார் தீர்த்தகிரி. குரலில் இருந்த அவசரம் அவருக்கே வெட்கமாக இருந்தது.

"ஒண்ணே ஒண்ணுங்க. சனிக்கெழம லீவுன்னு ஊட்ல இருந்தராதீங்க. கெரகணம் புடிக்கறப்ப இந்தச் சேர்ல நீங்க உக்காந்திருக்கோணும்."

அப்போதே அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கதையைச் சொல்லிக் கொடுத்ததே அவர்தானே! தை மாதத்தில் ஒருநாள் ஆசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டே, சேலம் கல்லூரி நூலகத்தில் எப்போதோ படித்ததை வேடிக்கையாகச் சொன்னார். அசீரியாவில், பாபிலோனில், கிரகணம் பிடித்தால் அரசனுக்குச் சாவு என்று சோதிடர்கள் கணிப்பார்கள். உடனே எவனோ ஒருவனைப் பிடித்து, அரச உடை உடுத்தி, சிம்மாசனத்தில் உட்கார வைப்பார்கள். பக்கத்தில் அவனுக்கு ஒரு ராணியும் உண்டு. நிஜ அரசன் ஒதுங்கி இருப்பான். அவனுக்கு எழுதும் கடிதத்தில்கூட 'அரசே' என்று எழுதாமல் 'உழவரே' என்றுதான் எழுதுவார்கள். அதிகம் போனால் நூறு நாள். அதற்குள் மாற்று அரசனையும் ராணியையும் கொன்று, ராஜ மரியாதையோடு புதைத்துவிடுவார்கள். கெட்டது அவர்களோடு போய்விடும்.

எல்லோரும் சிரித்தார்கள். சென்னியப்பன் மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நூறு நாளுங்களா?" என்று கேட்டார்.

கிரகணத்துக்குப் பிறகு பியூன் அம்மாசி தினமும் ஒரு கவுளி வெற்றிலையும் ஒரு சீப்புப் பழமும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கூடவே ஒரு சீட்டு. 'தலைமையாசிரியர் அவர்களுக்கு, விவசாயி சென்னியப்பன் வணக்கத்துடன் அனுப்பியது.'

விவசாயி. அந்த எழுத்தைப் பார்த்ததும் தீர்த்தகிரிக்கு 'உழவரே' என்ற கடிதம் நினைவுக்கு வந்தது. பிறகு கோபம் வந்தது. எழுந்து போயிருக்கலாம். போனால் சூன் மாதமும் போய்விடும்; இன்னொருத்தன் வந்து உட்காருவான், இவர் அவனுக்கும் வணக்கம் வைக்க வேண்டும். முடியாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அவரிடம் இன்னொரு கதையும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. அதே பாபிலோன் பக்கத்து இசின் நகரத்து அரசன் ஒருவன் தோட்டக்காரன் ஒருவனை இப்படித்தான் உட்கார வைத்தான். வைத்தவன் சூடான கூழைக் குடிக்கப் போய்ச் செத்தான். தோட்டக்காரன் இறங்கவே இல்லை, அவனே அரசனாகிவிட்டான். சென்னியப்பன் தோட்டத்திலிருந்து ஒரு சாவுச் செய்தி வராதா என்று தீர்த்தகிரி தினமும் காத்திருந்தார். அப்படி நினைப்பது பாவம் என்று தெரிந்தேதான் காத்திருந்தார்.

அரிவாள் தினமும் ஒரு விரற்கடை நகர்ந்தது. மேகம் மூடிய நாளிலும் அது இருந்தது. காலையில் அறையைத் திறந்தால், இரவெல்லாம் யாரோ உட்கார்ந்திருந்து இப்போதுதான் எழுந்துபோனது போல நாற்காலி சூடாக இருக்கும். அறை முழுக்க, குழி வெட்டிப் போட்ட ஈர மண்ணின் வாசனை அடிக்கும். பங்குனியில் ஓட்டை மாற்றச் சொன்னார். அம்மாசி ஏணி போட்டு மாற்றிவிட்டு இறங்கினார்.

"ஓட்ட அடைச்சாச்சுங்க சார்."

"அப்ப இது என்ன?" தரையைக் காட்டினார்.

அம்மாசி குனிந்து பார்த்தார். அரிவாள் மேலேயே கால் வைத்து நின்றுகொண்டு, "எதுங்க சார்?" என்றார்.

வீட்டில் மனைவி வசந்தாமணி கெஞ்சினாள். "சோறு தின்னு எத்தன நாளாச்சு! அந்தச் சேர உட்டுத் தொலைங்க. நீங்க வாத்தியாரா இருந்தாப் போதுங்க எனக்கு."

"உனக்கென்ன தெரியும்? வாயை மூடு," என்று கத்தினார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சித்திரை போயிற்று. அரிவாள் மேசையைத் தாண்டி, செருப்பைத் தாண்டி, முழங்காலுக்கு ஏறியது. பிறகு வயிறு. தொண்ணூற்றொன்பதாம் நாள் நெஞ்சில் நின்றது. அங்கே வெயிலின் சூடு இல்லை. இரும்பு வைத்தது போலச் சில்லென்றிருந்தது.

நூறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, மே இருபத்தைந்து. கோடை விடுமுறைதான், ஆனால் அந்த வாரத் தேர்தலுக்குப் பள்ளியில் ஓட்டுச்சாவடி அமைக்க வேண்டும் என்பதால் அவர் வந்தாக வேண்டியிருந்தது. அறை வாசலில் நின்றார். நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டிருந்தது.

"யார் போட்டது?" என்று அம்மாசியைக் கேட்டார்.

"தோட்டத்துலருந்து சொல்லி உட்டாங்க சார்."

அந்த நிமிடம் தீர்த்தகிரிக்குள் ஏதோ அறுந்தது. சீ, இந்தப் பதவியும் ஆச்சு, இந்த எடமும் ஆச்சு! பொறுப்பை விடுவதாக நான்கு வரி எழுதி, சாவிக் கொத்தோடு அம்மாசி கையில் திணித்துவிட்டு வெளியேறினார்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து, கிரகணம் பிடித்த நேரம் கடக்கிறதா என்று கடிகாரத்தையே பார்த்தார். மூன்று. மூன்றரை. மூன்றே முக்கால். சட்டையில் ஒன்றும் இல்லை, நெஞ்சில் ஒன்றும் இல்லை. நாமக்கல் பஸ் ஒன்று ஆரனடித்துக்கொண்டு போயிற்று. நூறு நாளில் முதல் தடவையாக அவருக்குப் பசித்தது. வசந்தாமணிக்குப் பிடிக்குமே என்று மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

வீடு பூட்டியிருந்தது.

பக்கத்து வீட்டுக் கந்தம்மாள் எட்டிப் பார்த்தாள். "அம்மாசி வந்து கூட்டிட்டுப் போனானுங்களே! நீங்க கூப்புட்டீங்கன்னு சொன்னான். புதுச் சீல கட்டிட்டுப் போச்சு அம்மிணி."

ராணி.

ஓடினார். ஒரு செருப்பு வழியிலேயே கழன்றது. கேட் திறந்திருந்தது. மைதானம். தாழ்வாரம். ஈர மண் வாசனை.

வசந்தாமணி இருந்தாள். தலைமையாசிரியர் நாற்காலியில். ஃபேனுக்கு நேராக. புதுச் சேலை கசங்காமல்.

"வாங்க," என்று சிரித்தாள். "எத்தன நேரமாக் காத்திருக்கறேன். நீங்க வர்ற வரைக்கும் இதுல உக்காரச் சொன்னாங்க."

அவள் கழுத்தில் அரிவாள்.

"எந்திரி. எந்திரி வசந்தா!"

கையைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. வெளிச்சத்தை மறைக்கத் தன் உள்ளங்கையை அவள் கழுத்துக்கு முன்னால் வைத்தார். கையில் ஒன்றும் விழவில்லை. கையை எடுத்தார். அரிவாள் அவள் கழுத்திலேயே இருந்தது.

வெளியே கார் வந்து நின்றது. கதவு சாத்தும் சத்தம். சென்னியப்பனின் குரல், நூறு நாளுக்குப் பிறகு, தெம்பாக.

"அம்மாசி! ஆச்சா?"

"ஆச்சுங்க, தலைமையாசிரியருங்க."

"ஏனுங்க," என்றாள் வசந்தாமணி, இன்னும் சிரித்தபடியே. "எனக்கு இங்க சில்லுனு இருக்குதுங்க."

கழுத்தைத் தொட்டுப் பார்க்கக் கையைத் தூக்கினாள். விரல்கள் உள்ளே போயின.