தொட்டிக்குள் பல கோடிக் கொலை!

செல்போன் அலறியது.

பல் தேய்த்துக்கொண்டிருந்த பூச்சியம்மா, நுரை ஒழுக ஒழுக எடுத்துக் காதில் வைத்தாள்.

"மேடம்... எல்லாரும் போயிட்டாங்க மேடம்!"

"யாரு?"

"எல்லாருமே! ஒருத்தர் கூட அசையலை!"

பிரஷ் நழுவித் தரையில் விழுந்தது.

சோபாவில் கவிழ்ந்து கிடந்த கணவன் பதறி எழுந்தான்.

"யாரு... யாரு செத்தது?"

"நம்ம பிள்ளைங்க!"

"நமக்கு ஏது பிள்ளைங்க?"

"கீழே தொட்டியில இருக்காங்களே... கோடிக்கணக்குல!"

கணவன் 'அவ்வளவுதானா' என்று மறுபடி கவிழ்ந்துகொண்டான்.

அறுநூறு வீடுகள் கொண்ட அந்தக் குடியிருப்பில், அடுக்களையிலும் குளியலறையிலும் கழுவி ஊற்றுவதெல்லாம் கடைசியில் தரைக்கடியில் இருக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் வரும். அங்கே அதைச் சுத்தம் செய்வது இயந்திரம் அல்ல. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்! தொட்டியில் காற்றை ஊதிவிட்டால் போதும்... அத்தனை அழுக்கையும் தின்றுவிட்டுத் தெளிந்த தண்ணீரைத் தந்துவிடும். அது திரும்பவும் எல்லா வீட்டுக் கழிவறைக்கும் போகும். அந்த நுண்ணுயிர்களுக்கு ஆயா, நர்ஸ், வாட்ச்மேன் எல்லாம் இவள்தான். அதனால் குடியிருப்பே அவளுக்கு வைத்த பெயர் பூச்சியம்மா.

கணவன் தொழிலோ நேர் எதிர். தரை துடைக்கும் மருந்து தயாரிப்பு. '99.9 சதவீதக் கிருமிகள் காலி!' என்று டப்பாவில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். போன வாரம் பரிசோதனைக் கூடம் கைவிரித்துவிட்டது. அவன் மருந்தில் கிருமிகள் சாகவில்லையாம்! அன்றிலிருந்து சோபாவே கதி.

பூச்சியம்மா செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். பால்கனியில் அன்று வெளிச்சம் ஏனோ அதிகமாக இருந்தது. அதையெல்லாம் கவனிக்க அவளுக்கு ஏது நேரம்?

நிலையத்தில் போன் செய்த ஆபரேட்டர் காத்திருந்தார். மோட்டார் என்று பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்.

"பாருங்க மேடம் இந்தக் கொடுமையை!"

பார்த்தாள்.

வழக்கமாக மழை பெய்த மண் மாதிரி வாசம் வீசும் தொட்டி. இன்று முட்டை அழுகின நாற்றம்! பழுப்பு நிறத்தில் புரளவேண்டிய தண்ணீர் மேல் முழங்கால் உயரத்துக்கு வெள்ளை நுரை!

ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

காம்பின் நுனியில் குட்டி மணி மாதிரி ஆடிக்கொண்டிருக்கும் உயிர்கள்... அசையவில்லை. வாயில் சக்கரம் சுழல்வது போல் இரை தேடும் உயிர்கள்... உருண்டு கிடந்தன. நேற்று மாலைகூடப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

"இயற்கை மரணமா மேடம்?"

"இல்லை அண்ணே... கொலை! யாரோ விஷம் வச்சிருக்காங்க!"

மோட்டார் தொப்பியைக் கழற்றினார்.

"கொலையோ தற்கொலையோ... என் வீட்டு ஃப்ளஷ் நாறுது!"

மூக்கைப் பிடித்தபடி உள்ளே வந்தார் குடியிருப்போர் சங்கத்தின் செக்ரட்டரி.

"மத்தியானம் கூட்டம் போட்டிருக்கேன். பூச்சி வளர்க்கறதெல்லாம் போதும்மா. இதை இழுத்து மூடிட்டு என் மச்சான் கம்பெனிகிட்ட ஒப்படைச்சிடலாம். நீங்க வேற வேலை பாருங்க."

"கொலைகாரனைப் பிடிச்சிட்டா?"

"பிடிச்சா உங்க வேலைக்கு நான் பொறுப்பு. பிடிபட்டவன் நேரா போலீஸ்! கூட்டத்துக்குள்ள ஆள் வரலேன்னா... நீங்க வெளியே!"

பூச்சியம்மா மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

இந்த வேலை போனால் வீட்டில் இரண்டு சோபா வேண்டும்.

"அண்ணே, கடப்பாரையை எடுங்க!"

"யாரை அடிக்க?"

"மேன்ஹோல் மூடியைத் திறக்க!"

சாக்கடைக் குழியின் சுவரில் எப்போதும் வழவழவென்று ஒரு பாசி மாதிரிப் படலம் இருக்கும். அதுவும் உயிர்தான். விஷம் வந்த வழியில் அது செத்து உரிந்திருக்க வேண்டும்.

ஏ பிளாக் குழி... வழவழ. ஆள் நிரபராதி!

பி பிளாக் குழி... வழவழ. நிரபராதி!

சி பிளாக் மூடியைத் திறந்தார்கள்.

சுவர் புதுசாகக் கட்டியது போல் பளிச்சென்று இருந்தது! அடியில் கரப்பான் பூச்சிகள் மல்லாந்து கிடந்தன.

"மேடம்... இது நீங்க குடியிருக்கற பிளாக்காச்சே?"

"கீழே லாண்டரி கடையும் இங்கதான் இருக்கு அண்ணே. ப்ளீச்சிங் பவுடர் மூட்டை மூட்டையா வச்சிருப்பாரு."

அப்படிச் சொன்னாளே தவிர, மனசு ஒப்பவில்லை. மாடி மாடியாகக் குழாய் இறங்கும் சந்துக்குள் நுழைந்தாள். ஒவ்வொரு மாடியிலும் குழாய்க்கு ஒரு மூடி உண்டு.

முதல் மாடி... உள்ளே கரப்பான் பிணங்கள். அப்படியென்றால் விஷம் மேலேயிருந்து வந்திருக்கிறது. லாண்டரிக்காரர் தப்பினார்!

இரண்டாவது... பிணங்கள்.

மூன்றாவது... பிணங்கள்.

நாலாவது... அங்கேயும் பிணங்கள்.

ஐந்தாவது மாடி மூடியைத் திறந்தாள். குண்டு குண்டாக நான்கு கரப்பான்கள் மீசையை ஆட்டிக்கொண்டு அவள் கைமேல் ஏறி ஓடின!

ஆக... ஐந்தில் உயிர். நாலில் பிணம்.

விஷம் இறங்கியது நாலாவது மாடியில். அந்த மாடியில் இந்தக் குழாயில் சேரும் வீடு ஒன்றே ஒன்று.

அந்த வீட்டுச் சாவி அவள் இடுப்பிலேயே தொங்கியது!

கதவைத் திறந்த வேகத்தில் பால்கனிக்குப் போனாள். குடோன்காரன் காலி செய்யச் சொன்னதும் கணவன் கொண்டுவந்து அடுக்கிய நான்கு டிரம்கள், நேற்றுவரை வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்றவை... காணோம்!

"டிரம்மெல்லாம் எங்கே?"

"நேத்து சாயங்காலமே பாத்ரூம்ல கொட்டிட்டு பழைய சாமான்காரன்கிட்ட போட்டுட்டேன். ஏன்?"

"நாலு டிரம்மையுமா? தண்ணி கலக்காமலா?"

"தோத்துப் போன சரக்குதானே... ஒரு கிருமியைக்கூடக் கொல்லாதுன்னு எழுதிக் கொடுத்துட்டான். அதோட நீதான் தினமும் பெருமை அடிச்சுப்பியே... என் பசங்க எதைக் கொடுத்தாலும் தின்னுட்டு ஏப்பம் விடுவாங்கன்னு!"

அவள் சொன்னது உண்மை. சாப்பிடும்போது சொன்னாள், படுக்கும்போது சொன்னாள், அவன் கேட்காதபோதும் சொன்னாள்.

"எல்லாரும் செத்துட்டாங்க..." என்றாள்.

"எல்லாருமா?"

"எல்லாரும்!"

"மைக்ராஸ்கோப் வச்சுப் பார்த்தியா?"

"பார்த்தேன்!"

கணவன் துள்ளி எழுந்தான். ஒரு வாரமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு முகத்தில் திரும்பி வந்திருந்தது.

"அப்போ என் மருந்து வேலை செய்யுது! அந்த டெஸ்ட்காரன்தான் தப்பு! கண்ணால பார்த்தேன்னு நீ ஒரு சர்டிபிகேட் கொடேன்!"

"பிணத்துக்குப் பக்கத்துல நின்னு கத்திக்குத் தர முத்திரை கேக்கறீங்களா? டிரம் டிரம்மா கொட்டினா நானும்தான் சாவேன்!"

செல்போன் அலறியது. மோட்டார்!

"மேடம், கொலைகாரன் சிக்கிட்டான்! நீங்க சந்தேகப்பட்டதைச் சொன்னேன்... லாண்டரிக்காரர் கடையில ப்ளீச்சிங் பவுடரை எடுத்துட்டார் செக்ரட்டரி. போட்ட மிரட்டுல அந்த மனுஷன் அழுதுகிட்டே ஒத்துக்கிட்டாரு. போலீஸுக்குச் சொல்லப் போறாங்க!"

கணவன் அவள் கையைப் பிடித்தான்.

"விடு... அவரே ஒத்துக்கிட்டாரில்லே? உன் வேலையும் தப்பிச்சுது, என் தலையும் தப்பிச்சுது. நாம ஏன் வாயைத் திறக்கணும்?"

பொய் சொல்வானேன்... ஒரு கணம் அவளுக்கும் அந்த ஆசை வந்தது. அடுத்த கணம் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"சட்டையைப் போடுங்க. கிளம்பலாம்."

"எங்கே?"

"நீங்க குற்றவாளிக் கூண்டுக்கு!"

கூட்ட அறையில் லாண்டரிக்காரர் விசும்பிக்கொண்டிருந்தார். பூச்சியம்மா அவர் தோளைத் தொட்டு எழுப்பினாள். அந்த நாற்காலியில் கணவனை உட்கார வைத்தாள். கரப்பான் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

செக்ரட்டரி வாய் பிளந்தார்.

"கட்டின புருஷனையே காட்டிக் கொடுக்கறீங்களே!"

"புருஷன் ஒருத்தன்தான் சார். செத்தது பல கோடி. வேலைக்குப் பொறுப்புன்னு நீங்க சொன்ன வார்த்தை இருக்கே... அது உயிரோட இருக்கா?"

மொத்தக் கூட்டமும் செக்ரட்டரியைப் பார்த்தது. மச்சான் கம்பெனியைப் பற்றி அதன்பின் அவர் மூச்சு விடவில்லை. போலீஸைக் கூப்பிடப் போனை எடுத்த அவர் கையைத் தடுத்தவர் லாண்டரிக்காரர்.

"வேணாங்க. போலீஸ் வந்தா இவரை ஜெயில்ல உட்கார வச்சு சோறு போடும். நாறுற தொட்டியை யாரு அள்ளுவா?"

தீர்ப்பு ஏகமனதாக நிறைவேறியது!

பக்கத்துக் குடியிருப்பின் தொட்டியிலிருந்து உயிருள்ள சேறு லாரியில் வந்து இறங்கியது. சுமந்து ஊற்றியதும் நுரை அள்ளியதும் கணவன். அதட்டி வேலை வாங்கியது மோட்டார்.

சில வாரங்களில் நுரை பெரும்பாலும் அடங்கியது. மழை பெய்த மண் வாசம் திரும்பி வந்தது. பூச்சியம்மா மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள்... கண் நிறைந்துவிட்டது.

"வந்து பாருங்க!"

சேற்றுக் கையோடு கணவன் வந்தான். மேஜையில் இடித்துக்கொண்டே குனிந்தான். காம்பின் நுனியில் ஒரு குட்டி மணி ஆடியது... அடுத்த நொடி காம்பு ஸ்பிரிங் மாதிரிச் சுருண்டு, மணி கீழே பதுங்கியது!

"ஐயோ! இது ஏன் என்னைப் பார்த்ததும் இப்படி ஒளியுது?"

பூச்சியம்மா நிதானமாகச் சொன்னாள்.

"அடையாள அணிவகுப்பு முடிஞ்சுது. போய் மிச்ச நுரையை அள்ளுங்க!"