தலை நின்ற பிள்ளை

தொட்டிலிலிருந்து தூக்கும்போது லீலா மேரி வழக்கம்போல் பிடரிக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்தாள். அந்தக் கைக்கு வேலையே இருக்கவில்லை. முந்தின நாள் துவண்ட துணியாய் வந்து சேர்ந்த பிள்ளைக்கு, பிறந்து மாதம்கூட நிறையாத பிள்ளைக்கு, தலை நின்றிருந்தது. நிமிர்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவன் நேத்து வந்தவன்தானே?"

"ஆமாங்க. ஆலத்தியூர் பக்கம் காலராவுல தாய் செத்துப்போச்சாம்," என்றாள் ஆயா சின்னப்பிள்ளை. "வந்ததுலேர்ந்து அழுவவே இல்லீங்க."

பக்கத்துத் தொட்டிலில் கிடந்த பையனுக்குப் போன வாரமே தலை நின்றிருந்தது. லீலா மேரி அவனைத் தூக்கினாள். தலை முதுகுப் பக்கம் சாய்ந்து தொங்கியது.

திருமானூருக்கு வெளியே, கொள்ளிடக் கரையில், கன்னியாஸ்திரீகள் நடத்திய குழந்தைகள் இல்லம் அது. லீலா மேரி அங்கே நர்ஸ். தத்துக் கேட்டு வருகிறவர்களுக்கு எந்தப் பிள்ளையைக் கொடுக்கலாம் என்று பார்த்துச் சொல்வது அவள் பொறுப்பு. விளக்கை அசைத்தால் கண் கூடவே வர வேண்டும். கிலுகிலுப்பைச் சத்தத்துக்குத் திரும்ப வேண்டும். முகம் பார்த்துச் சிரிக்க வேண்டும். தேறிய பிள்ளைகள் முன்கூடத்தில் இருந்தன. தேறாதவை பின்னறைக்குப் போயின. சண்டைக் காலம், பால் பவுடருக்குப் பஞ்சம். பின்னறைக்குக் கஞ்சித் தண்ணிதான். அங்கே போன பிள்ளை எதுவும் திரும்பி வந்ததில்லை. அதற்காக லீலா மேரி தான் உண்ணும் ஒரு வேளைச் சோற்றையும் விட்டதில்லை.

அன்றைக்கும் அப்படித்தான். தலை தொங்கிய பையனைப் பின்னறைக்கு அனுப்பினாள்.

ஐப்பசி மழை விடாமல் பெய்தது. ஓட்டிலிருந்து ஒழுகும் நீரின் சத்தமும், காயாத துணிகளின் முடை நாற்றமும், புளித்த பால் வாடையும், ஈர விறகின் புகையும் கூடத்தில் அடைந்துகிடக்க, தொட்டில்களின் நிழல்கள் சுவரில் மெல்ல ஆடின. ஒரு தொட்டிலின் நிழல் மட்டும் ஆடவில்லை. அதில் அவன் உட்கார்ந்திருந்தான். உட்காரப் பழகியிருந்த பெண்பிள்ளை பக்கத்தில் மல்லாந்து கிடந்தது.

அடுத்து, சிரிப்பு. இடக் கன்னத்தில் குழி விழச் சிரிக்கும் குழந்தை ஒன்று அங்கே உண்டு. விடிந்து பார்த்தால் அது சுவரைப் பார்ப்பதுபோல் லீலா மேரியைப் பார்த்தது. அவன் சிரித்தான். இடக் கன்னத்தில் குழி விழுந்தது.

"அம்மா, அவன் பக்கத்துல போடுற புள்ளையெல்லாம் கழண்டு போவுதுங்க," சின்னப்பிள்ளை தொட்டிலை விட்டுத் தள்ளி நின்றாள். "மதர்கிட்ட சொல்லிப்புடலாங்க."

"வாய மூடு. தேறாததத் தூக்கிப் பின்னால போடு."

ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். முன்கூடம் காலியானது. அவன் வளர்ந்தான்.

வரதராசன்பேட்டையிலிருந்து தேவசகாயம் வாத்தியாரும் மனைவி சவேரியம்மாளும் வந்த மாலையில் மழை சற்றே விட்டிருந்தது. பெற்றதையெல்லாம் மண்ணில் புதைத்தவள் சவேரியம்மாள். அவனை மடியில் வாங்கியதும் அவளுக்கு அழுகை பொங்கியது.

"கொற ஏதும் இல்லியே, நர்சம்மா?"

சொல்லிவிடலாம். இப்போதே சொல்லிவிடலாம். சொன்னால் அவன் இங்கேயே இருப்பான். இங்கே இனி மிச்சமிருப்பது யார்?

"ஒரு கொறையும் இல்ல," என்றாள் லீலா மேரி. "இந்த வயசுல இப்படித் தேறுன புள்ளைய நான் பாத்ததே இல்ல. நெஞ்சோட அணைச்சே வச்சுக்குங்க."

மாட்டுவண்டி கிளம்பியது. தேவசகாயம் முன்னால் வண்டிக்காரன் பக்கத்தில் குடையை விரித்து உட்கார்ந்தார். பின்னால் சவேரியம்மாள், மார்போடு பிள்ளை. வண்டி வாசல் தாண்டியதும் லீலா மேரி நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

அப்போதுதான் பார்த்தாள்.

சவேரியம்மாளின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. நிமிரவில்லை. வண்டி குலுங்கியபோது முதுகுப் பக்கம் விழுந்து தொங்கியது. வாய் திறந்திருந்தது. எச்சில் வழிந்தது.

தேவசகாயம் திரும்பவில்லை.

லீலா மேரி ஓடினாள். சேறு. வழுக்கல். கூப்பிட வாயைத் திறந்தாள்.

"ங்கா."

மறுபடியும் திறந்தாள்.

"ங்கா... ங்ங்..."

நாக்கு புரளவில்லை. முழங்கால் துவண்டது. சேற்றில் குப்புற விழுந்தாள். தலையைத் தூக்கப் பார்த்தாள். கன்னம் சேற்றிலேயே கிடந்தது. ஒரு கண் மட்டும் வண்டியைப் பார்த்தது.

அவன் சவேரியம்மாளின் மடியில் எழுந்து நின்றான். தொங்கும் அவள் தலையின் கூந்தலை ஒரு கையால் பற்றிக்கொண்டு, அசையாமல், நேராக. லீலா மேரியைப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

"பாத்துப் பத்திரமா போயிட்டு வாங்க!"

அவள் குரல். அச்சு அசல் லீலா மேரியின் குரல்.

குடைக்குள்ளிருந்து தேவசகாயம் திரும்பாமலேயே கையை உயர்த்தினார்.

"வரோங்க, நர்சம்மா!"