காற்றூட்டியின் டொக்

நிலவின் அடிவயிற்றில் குடைந்த முத்துக்குளி ஊரில் ஆயிரத்து இருநூறு பேர். படுக்கப்போகுமுன் எல்லோரும் சுவரில் உள்ளங்கையை வைப்பார்கள். ‘டொக்... டொக்...’ என்று அதிர்ந்தால் காற்றூட்டி ஓடுகிறது, மூச்சு உண்டு என்று பொருள். அதன்பிறகுதான் கொட்டாவி.

அந்த டொக்கை மெக்கானிக் அருமைநாயகம் ஒழித்துவிட்டார். காற்றூட்டியின் தண்டைத் தாங்கும் பித்தளை வளையமான புஷ் முப்பத்தெட்டு வருடத்தில் முட்டைவடிவமாகத் தேய்ந்து, தண்டு அதற்குள் குதித்துக்கொண்டிருந்தது. தேய்வதற்கு முன் அது எப்படி இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, லேத்தில் புதிதாகக் கடைந்தார். மூன்றை வீணாக்கினார், நான்காவது வெண்ணெயாக உட்கார்ந்தது. இனி நாற்பது வருடம் கவலையில்லை. மாலை போடுவார்கள் என்று நம்பி, இஸ்திரி போட்ட சட்டைகூட மாட்டிக்கொண்டார்.

புகார்தான் வந்தது. நான்கு நாளாக ஊரில் பொட்டுத் தூக்கமில்லை. கண்ணயர்ந்தவர்கள் பதறி எழுந்து, பக்கத்தில் படுத்தவர் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தார்கள். வெளிவேலைக்குக் கிளம்பிய ஒருவன் தூக்கக் கலக்கத்தில் தலைக்கவசத்தைப் பூட்டாமலே கதவைத் திறக்கப் போனான். பின்னால் வந்தவர் பிடித்திழுத்ததால் பிழைத்தான்.

காற்றுமானி பச்சை காட்டுகிறதே என்றார் அருமைநாயகம். முன்பொரு முறை காற்றூட்டி நின்று ஏழு பேர் மூச்சடைத்துச் செத்த அன்றைக்கும் பச்சைதான் காட்டியது என்றார்கள். சரி, ஒலிபெருக்கிப் பெட்டியில் டொக் சத்தத்தைப் போட்டுவிடலாம் என்றார். ஊர்த்தலைவி பெனிட்டா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“அண்ணாச்சி, காத்து நின்னாலும் ஒங்க பெட்டி தட்டிக்கிட்டுத்தான கெடக்கும்?”

உண்மையைச் சொன்னால், அருமைநாயகமே ஒவ்வொரு உறக்கவேளையிலும் பத்துத் தரம் எழுந்து காற்றூட்டி அறைக்கு ஓடிக்கொண்டிருந்தார். வைத்தியனே தன் மருந்தைக் குடிக்கப் பயந்த கதைதான்.

ஓடும் தண்டே தட்டினால்தான் அது மெய்யான டொக். அதற்கு நல்ல புஷ்ஷைக் கெடுக்க வேண்டும். கெடுத்தால் அது தண்டைத் தின்னும்; நாற்பது வருடம் முப்பத்தொன்றாகும்; வேறு தண்டு செய்ய நிலவில் எஃகு கிடையாது. இதையெல்லாம் ஊர்க்கூட்டத்தில் அவர் சொல்லி முடிப்பதற்குள் எல்லாக் கைகளும் மேலே போய்விட்டன. அவருடைய மனைவி ரோசம்மாள் இரண்டு கையையும் தூக்கியிருந்தாள்.

வழவழப்பாகக் கடைந்ததை அரத்தால் கோணலாக்க அவர் கை ஒத்துழைக்கவில்லை. குழந்தைக்குக் காது குத்துகிறவரைப்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு ராவினார்.

முதல் டொக் கேட்டதும் ரோசம்மாள் தலையணையில் சாய்ந்தாள்.

“எத்தன வருசம் கொறையும்னு சொன்னிய?”

“ஒம்பது.”

அவள் அதற்குள் உறங்கிவிட்டாள்.

மேலே நிலவின் நண்பகல் கொதித்தது; கீழே ஊர் குறட்டை விட்டது. அருமைநாயகம் மட்டும் விழித்துக் கிடந்தார். ஒவ்வொரு டொக்குக்கும் தண்டில் எவ்வளவு உதிரும் என்று அந்த ஊரில் அவருக்கு மட்டும்தான் துல்லியமாகத் தெரியும். அடுத்தது வரவேண்டுமே என்று மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார். வந்ததும், வராமல் இருந்திருக்கலாமே என்று நினைத்தார்.