மைனஸ் பதினெட்டில் ஒரு மூச்சு

செல்போன் அலறியது!

சாப்பாட்டுக் கூடாரத்துக்கு அவசர வழி எங்கேய்யா என்று பந்தல்காரரை வாட்டி எடுத்துக்கொண்டிருந்த கறார் மேடம், எரிச்சலோடு போனை எடுத்தாள்.

கறார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. நகராட்சியில் லைசென்ஸ் கொடுக்கிற அதிகாரி. தீ வாளியில் ஒரு பிடி மணல் குறைந்தாலும் பேனாவைத் திறக்க மாட்டாள். வயிறெரிந்த வியாபாரிகள் கூடிப் பேசி வைத்த பெயர் அது.

"மேடம்... கேஸ் மெக்கானிக் பேசறேன்..." குரலில் மூச்சிரைத்தது. "ஸ்டால் எல்லாத்துலயும் மாட்டியிருக்கற கேஸ் டியூப் புதுசில்ல மேடம்! வெடிப்பு விட்ட பழசுக்குக் கறுப்புப் பெயின்ட் அடிச்சு மாட்டியிருக்காங்க!"

"என்னது! யார் வேலை இது?"

"போன்ல வேணாம் மேடம். ஃப்ரீசர் கன்டெய்னர்கிட்ட நிக்கறேன், வாங்க... இருங்க, யாரோ வர்றாங்க..."

லைன் அறுந்தது.

கறார் நடையைக் கட்டினாள். மைதானம் முழுக்க ஸ்டால்கள். சாயங்காலம் நாலு மணிக்கு உணவுத் திருவிழா. வாசலில் இப்போதே குழந்தை குட்டிகளோடு ஜனம் குவிய ஆரம்பித்திருந்தது. அத்தனை பேருக்கும் நடுவே அத்தனை அடுப்பு... அத்தனை ஓட்டை டியூப்!

பாதி வழியில் ஒருவன் குறுக்கே வந்து நின்றான்.

விழாவை நடத்துகிறவன். அதைவிடப் பெரிய தலைவலி, அவள் புருஷனின் கூடப் பிறந்த தம்பி.

"அண்ணி! கையெழுத்து என்னாச்சு?"

"டியூப்ல ஏதோ கோளாறாம், தம்பி. பார்த்துட்டு வர்றேன்."

"காலைல வாளி... மத்தியானம் கூடாரம்... இப்ப டியூபா? சொந்தக் கொழுந்தன்னு ஒரு இரக்கம் வேணாமா?"

"சொந்தக் கொழுந்தன்கறதாலதான் ரெண்டு தடவை பார்க்கறேன்."

அவன் மூக்கு சிவந்தது. மைதானமே திரும்பிப் பார்க்கக் கத்தினான்.

"உங்களை எங்கயாவது வச்சுப் பூட்டினாதான் இந்த விழா நடக்கும்!"

அந்த நேரம் பார்த்துக் கைக்குட்டையில் கையைத் துடைத்தபடி வந்து சேர்ந்தார் சேஃப்டி சார். விழாவின் பாதுகாப்புக்காகக் கொழுந்தன் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆலோசகர். வெயில் நாளிலும் டை கட்டுகிற ஆசாமி.

"விடுங்க தம்பி... மேடம் அவங்க கடமையைச் செய்யறாங்க," என்று சிரித்தார்.

பக்கத்து ஸ்டாலிலிருந்து மீன்கடை அக்கா எட்டிப் பார்த்தாள்.

"மேடம்! நீங்க சொன்ன ஆப்பை எல்லார் செல்லுலயும் ஏத்திட்டோம். ஃப்ரீசர்ல குளிர் குறைஞ்சா ஸ்டால்காரங்க அத்தனை பேர் போன்லயும் சங்கு ஊதும்! சார், நீங்களும் ஏத்திக்கங்களேன்!"

"எனக்கெதுக்கும்மா?" சேஃப்டி சார் கையை உதறினார். "மனுஷங்க பாதுகாப்புதான் என் டிபார்ட்மென்ட். மீன் பாதுகாப்பெல்லாம் மேடம் டிபார்ட்மென்ட்!"

எல்லோரும் சிரித்தார்கள். கறார் சிரிக்கவில்லை.

"சார், நான் ஃப்ரீசர் பக்கம் போறேன். கொஞ்சம் பின்னாடியே வாங்க."

"ஓ... தாராளமா!"

கன்டெய்னர் பக்கம் மெக்கானிக்கைக் காணோம். கதவு மட்டும் லேசாகத் திறந்திருந்தது. உள்ளேயிருந்து வெள்ளையாகக் குளிர் வழிந்துகொண்டிருந்தது.

"யாருப்பா உள்ள?"

காலை வைத்தாள். எலும்பு வரைக்கும் குளிர் பாய்ந்தது. மீன் பெட்டி, இறைச்சிப் பெட்டி, ஐஸ்கிரீம் பெட்டி...

கடைசிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு ஜோடி செருப்பு.

செருப்புக்குள் கால்!

"ஐயய்யோ!"

மெக்கானிக்! குப்புற விழுந்து கிடந்தான். பின்மண்டையில் ரத்தம் உறைந்து கறுத்திருந்தது. தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தான்.

பின்னால்... டமார்!

கதவு!

ஓடிப்போய் உள்பக்கக் குமிழைப் பிடித்துத் தள்ளினாள். அசையவில்லை. வெளியே கம்பி செருகும் சத்தம் தெளிவாகக் கேட்டது. உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கென்று ஒரு சிவப்பு பெல் உண்டு. போன வாரம் அவளே அழுத்திச் சோதித்த பெல். அழுத்தினாள்.

சத்தமே இல்லை.

மறுபடி அழுத்தினாள். ஒயரை யாரோ அறுத்திருக்க வேண்டும்.

செல்போனில் ஒரு கோடுகூட இல்லை. இரும்புப் பெட்டிக்குள் சிக்னல் ஏது? இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கியை உருவினாள். காலையில் சேஃப்டி சார் கொடுத்தது.

"ஹலோ! யாராவது இருக்கீங்களா? ஹலோ!"

கர்ர்ர்...

"மேடம்? சேஃப்டி பேசறேன். எங்க இருக்கீங்க?"

அவளுக்கு உயிர் வந்தது.

"ஃப்ரீசருக்குள்ள சார்! யாரோ வெளிய கம்பி போட்டுட்டாங்க! மெக்கானிக்... மெக்கானிக் இங்க செத்துக் கெடக்கான்!"

"அடக் கடவுளே! பதறாதீங்க மேடம். மெயின் கேட்ல இருக்கேன், இதோ ஓடி வர்றேன்!"

காத்திருந்தாள். பல் தந்தியடித்தது. விரல்கள் மரத்துப்போயின. சுவரில் வெப்பநிலை காட்டும் போர்டு பச்சையாக மின்னியது. மைனஸ் பதினெட்டு.

கதவு திறக்கவில்லை.

"சார்... எங்க இருக்கீங்க?"

"கூட்டத்துல மாட்டிக்கிட்டேன் மேடம்..." குரல் தழைந்தது. "ஒண்ணு சொன்னா வருத்தப்படாதீங்க. உங்க கொழுந்தன்தான் கொஞ்ச நேரம் முன்னாடி அந்தப் பக்கம் போனாரு. கையில கம்பி இருந்த மாதிரி..."

கோபக்காரன்தான். ஆனால் காலேஜ் முடிக்கிற வரைக்கும் அவள் கையால் சாப்பிட்டவன். கைவிரலில் முள் குத்தினாலும் "அண்ணி" என்று ஓடி வந்தவன். அவனா?

"நான் கதவைத் தட்டறேன் சார். யார் காதுலயாவது விழும்."

"வேணாம் மேடம், தெம்பு போயிடும். அந்த பெல்லும்தான் அடிக்கலையே. பேசாம ஒரு மூலையில உக்காருங்க. தூக்கம் வந்தா கண்ணை மூடிக்கங்க..."

கறார் நிமிர்ந்தாள்.

குளிரில் மாட்டினால் தூங்கவே கூடாது. ஸ்டால்காரர்களுக்கு நடத்திய வகுப்பில் இதே ஆள் தொண்டை கிழியச் சொன்னதாயிற்றே!

அதோடு...

"சார்."

"சொல்லுங்க மேடம்."

"பெல் அடிக்கலைன்னு நான் சொல்லவே இல்லையே! உங்களுக்கு யார் சொன்னது?"

கர்ர்ர்...

அப்புறம் ஒரு சிரிப்பு. மிக அருகில். கதவுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறான் பாவி!

"கறார்னு சும்மாவா பேர் வச்சாங்க!"

"அடப்பாவி! மெக்கானிக்கைக் கொன்னது நீயா?"

"வாயை மூடுன்னு நல்லவிதமா சொன்னேன். கேட்கலை. போன விழாவுல நீங்க தூக்கி எறியச் சொன்னீங்களே... அதே டியூப்தான். புதுசு வாங்கினதா உங்க கொழுந்தன்கிட்ட கணக்குக் காட்டிட்டேன். இப்ப வந்து இவன் பெயின்ட்டைச் சுரண்டறான்!"

"குழந்தைகளோட ஜனம் வருதுய்யா! ஒரு டியூப் வெடிச்சா வரிசையா அத்தனையும் வெடிக்கும்!"

"ஒரு நாள் தாங்கும்."

"என் கையெழுத்து இல்லாம கேட் திறக்காது!"

"திறக்குமே! அதிகாரி வர முடியலைன்னா பாதுகாப்பு ஆலோசகர் கையெழுத்துப் போடலாம். யார் போட்ட விதி? நீங்க போட்டதுதானே!"

சொந்தக் காசில் சூனியம்! கறார் தலையில் அடித்துக்கொண்டாள்.

"விழா முடிஞ்சு கதவைத் திறப்பாங்க. கொழுந்தன்தான் பூட்டினான்னு ஊரே சொல்லும். மைதானத்துக்கு நடுவுல அவனே கத்தினானே... குட்நைட் மேடம்!"

வாக்கி-டாக்கி அடங்கியது.

கதவை உதைத்தாள். கத்தினாள். தடித்த சுவர்கள் அவள் குரலை அப்படியே விழுங்கிவிட்டன. கடைசியில் மெக்கானிக்கின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வீட்டில் மகள் சாயங்காலம் விழாவுக்கு வரப்போகிற குஷியில் புதுச் சட்டை எடுத்து வைத்திருப்பாள்.

முகத்தைச் சுற்றி வெள்ளையாய் ஆவி. மூச்சை இழுத்தாள்... விட்டாள். ஆவி... மறுபடி ஆவி...

ஒரு நிமிஷம்!

மூச்சை அடக்கிக்கொண்டாள்.

அப்போதும் ஆவி வந்தது!

மெல்லிசாக... நூல் மாதிரி... மெக்கானிக்கின் மூக்கிலிருந்து!

"டேய் தம்பி! உயிரோட இருக்கியாடா!"

கன்னத்தில் தட்டினாள். இமை துடித்தது. அவ்வளவுதான். ஆனால் அது போதும். போட்டிருந்த மஞ்சள் ஜாக்கெட்டைக் கழற்றி அவன் மேல் போர்த்தினாள். அட்டைப் பெட்டிகளைக் கிழித்து அடியில் தள்ளினாள். இன்னும் கொஞ்ச நேரம் போனால் இவனும் இல்லை, அவளும் இல்லை. நாலு மணிக்கு வெளியே எத்தனை பேரோ!

பெல் போச்சு. போன் போச்சு. குரல் போச்சு. வேறென்ன இருக்கிறது இந்த நரகத்தில்?

பார்வை சுவரில் நின்றது.

பச்சைப் போர்டு. அதற்குக் கீழே மெல்லிய ஒயரில் விரல் நீளத்துக்குத் தொங்கும் இரும்புக் குமிழ். குளிரை அளந்து சொல்லும் சென்சார்!

மனுஷர் பெல்லை அறுத்தவன் மீன் ஒயரைத் தொடவில்லை. அதுதான் அவன் டிபார்ட்மென்ட் இல்லையே!

பாய்ந்து பிடித்தாள். குமிழை இழுத்து அக்குளில் செருகி, கையை இறுக்கினாள்.

"அம்மா!"

நெருப்பை வைத்தது போல் சுட்டது. தோல் ஒட்டிக்கொண்டது. விடவில்லை. கண்ணீர் கன்னத்திலேயே உறைந்தது. விடவில்லை!

மைனஸ் பதினைந்து... மைனஸ் எட்டு... பூஜ்யம்...

பத்து! இருபது!

போர்டு சிவப்பாக மாறியது.

வெளியே ஏதாவது நடக்கிறதா? ஒன்றும் கேட்கவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. தூங்கக் கூடாது... தூங்கக் கூடாது...

கர்ர்ர்...

வாக்கி-டாக்கி உயிர்த்தது. பதற்றத்தில் வெளியே அந்த ஆள் பொத்தானை அமுக்கியபடியே நிற்கிறான் போலும்!

"எல்லாரும் ஏன் இப்படி ஓடி வர்றீங்க? நில்லுங்க! உள்ள கேஸ் லீக்! கிட்ட வராதீங்க!"

"கேஸாவது பூஸாவது! தள்ளுய்யா!" மீன்கடை அக்கா! "போன்ல சங்கு ஊதுது! ஒரு வருஷச் சேமிப்பு உள்ள இருக்கு!"

"வெடிச்சிடும்மா!"

"இறால் கெட்டா நானே வெடிச்சிடுவேன்! அட, யார்யா இங்க கம்பி செருகினது?"

தடதடவென்று காலடிச் சத்தம். கம்பி உருவப்பட்டது. கதவு திறந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. ஐஸ்கிரீம்காரர், இறைச்சிக்கடைக்காரர், அக்கா, பின்னால் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கொழுந்தன்.

"அண்ணீ!" ஓடிவந்து தாங்கிக்கொண்டான்.

சேஃப்டி சார் ஒரு நொடிகூட வீணாக்கவில்லை.

"நடிக்காதே! நீதானே பூட்டினே? மைதானத்துல கத்தினதை எல்லாரும் கேட்டோமே!"

கூட்டம் கொழுந்தனை முறைத்தது. அவன் முகம் வெளிறியது.

"நானா? அண்ணி... நீங்களாவது சொல்லுங்க..."

கறார் வாயைத் திறந்தாள். தாடை கடகடவென்று ஆடியது. ஒரு வார்த்தைகூட வரவில்லை! நாக்கு ஐஸ் கட்டியாகக் கிடந்தது.

"பாவம், குளிர்ல மூளை குழம்பிடுச்சு," உச்சுக் கொட்டினார் சேஃப்டி சார். "எதைச் சொன்னாலும் நம்பாதீங்க. முதல்ல இவனைப் பிடிங்க. மெக்கானிக்கையும் கொன்னு உள்ள போட்டிருக்கான், கொலைகாரன்!"

இறைச்சிக்கடைக்காரர் கொழுந்தனின் சட்டையைப் பிடித்தார்.

கறாருக்கு அலற வேண்டும் போலிருந்தது. பெட்டியிலிருந்து வெளியே வந்தும் பெட்டிக்குள்ளேயே இருந்தாள். ஆடுகிற விரலை நீட்டினாள். சேஃப்டி சார் பக்கம் இல்லை. உள்ளே.

அட்டைப் பெட்டிகள் சரசரத்தன.

மஞ்சள் ஜாக்கெட் மெதுவாக எழுந்து உட்கார்ந்தது.

"யோவ்... சேஃப்டி..." என்றது ஈனஸ்வரத்தில்.

சேஃப்டி சார் துள்ளி விழுந்தார்.

"நீ... நீ செத்துட்டியே! நான் நாடி பிடிச்சுப் பார்த்துட்டுத்தானே உள்ள போட்டு..."

நிறுத்திக்கொண்டார்.

லேட்!

இறைச்சிக்கடைக்காரர் கொழுந்தனின் சட்டையை விட்டுவிட்டு டையைப் பிடித்தார். பிடிக்க அது இன்னும் வசதியாக இருந்தது.

போலீஸ் வந்தது. ஆம்புலன்ஸ் மெக்கானிக்கை ஏற்றிக்கொண்டு பறந்தது. பிழைத்துக்கொள்வான் என்றார்கள். கம்பளிக்குள் சுருண்டு, சூடான டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் கறார். கொழுந்தன் காலடியில் குந்தி, தலையைச் சொறிந்தான்.

"கோபத்துல கத்திட்டேன் அண்ணி... மன்னிச்சிடுங்க." வாட்சைப் பார்த்தான். "அப்போ... விழா?"

"டியூப் எல்லாத்தையும் மாத்து. நானே ஒவ்வொண்ணா தொட்டுப் பார்ப்பேன்."

"நாலு மணிக்கு முடியாதே!"

"அப்போ நாளைக்கு நாலு மணி."

அவன் அப்போதே டியூப் கடைக்குப் போன் போட்டான்.

அதற்குள் கன்டெய்னருக்குள்ளிருந்து மீன்கடை அக்கா கொந்தளித்துக்கொண்டு வந்தாள். கையில் ஒரு முழு மீன்.

"மேடம்! இது என்ன அநியாயம்? போன்ல முப்பத்தாறு டிகிரின்னு காட்டுது. இங்க பார்த்தா மீன் கருங்கல்லு மாதிரி இருக்கு! உங்க மெஷினே பொய் சொல்லுது!"

"மெஷின் சரியாத்தான் சொல்லுச்சு, அக்கா," என்றாள் கறார். "ஆனா அது உங்க மீன் இல்லை... என் அக்குள்!"