நான்காவது கருவி

ஜெயப்ரியா எழுதியவை மூன்றே கருவிகள். திரையில் நான்கு இருந்தன.

மறுபடியும் எண்ணிப் பார்த்தாள். பாத்தித் தண்ணீரில் உப்பு எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது என்று படித்துச் சொல்வது ஒன்று. கிணற்றின் நீர்மட்டம் பார்ப்பது ஒன்று. மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் ஒன்று. அவற்றுக்குக் கீழே, அவள் கை படாத ஒரு வரி: "ஆள்_எண்ணிக்கை: உப்பளத்தில் இருப்பவர்களை எண்ணிச் சொல்லும்."

மரக்காணம் உப்பளத்தின் நடுவே, சிமென்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை அது. மே மாதத்துப் பிற்பகல். விடிவதற்கு முன்பே வந்த ஆட்கள் உப்பு வாரி முடித்து, பதினோரு மணிக்கே வீடு திரும்பிவிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளை. இமையை மூடினாலும் உள்ளே புகுந்து குத்துகிற வெள்ளை. வெயிலில் விரிந்த கூரை விட்டுவிட்டுச் சொடுக்கியது, மூலையில் அடுக்கியிருந்த ஈரச் சாக்குகளிலிருந்து கழிமுகத்துச் சேற்று வாடை மின்விசிறிக் காற்றோடு சுற்றிச் சுற்றி வந்து தொண்டையில் ஒட்டியது, தூரத்துக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எப்போதாவது போகும் பஸ்ஸின் ஹார்ன்கூட இந்த வெளிச்சத்தைத் தாண்டி வர முடியாமல் நடுவிலேயே கரைந்துபோனது.

வேலை பெரிதில்லை. முதலாளி சென்னையில் இருந்துகொண்டே போனில் ஏஐ உதவியாளரிடம், "மூணாம் பாத்தி எப்படி இருக்கு, மோட்டாரைப் போடு" என்று தமிழில் சொன்னால் காரியம் நடக்க வேண்டும். அந்த உதவியாளருக்குக் கண்ணும் கிடையாது, கையும் கிடையாது. இடையில் ஒரு சின்ன சர்வர் என்னென்ன கருவிகளைக் கொடுக்கிறதோ, அவற்றை மட்டுமே அது எடுத்துப் பயன்படுத்தும். கொடுக்காததைத் தொட முடியாது. அந்தச் சர்வரைக் கட்டுவதற்காகத்தான் மூன்று நாளாகப் பிரம்மதேசத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்துபோகிறாள்.

தான் எழுதிய கோப்பை மேலிருந்து கீழ்வரை தேடினாள். 'ஆள்' என்ற சொல்லே அதில் இல்லை. உப்பளத்தில் ஒரு கேமராகூட இல்லை, எதைக் கொண்டு எண்ணும்? சர்வரை நிறுத்தி, மறுபடி ஓடவிட்டாள்.

நான்கு.

"முடிஞ்சுதா இல்லியா?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். வாசலில் மேஸ்திரி அந்தோணிராஜ். இந்த மெஷின் வந்தால் தன் வேலை போய்விடும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். முதல் நாளிலிருந்தே அவளிடம் சிரித்துப் பேசியதில்லை.

"ஒரு சுவிச்சு போடறதுக்கு மூணு நாளா உக்காந்துக்கினு இருக்க. நான் பஜாருக்குப் போய் எர்த் ஒயரு வாங்கியாரேன். அம்சவள்ளி கிணத்துல சேறு வாரிக்கினு இருக்குது. அது மேல ஏறி வந்து சொன்னாத்தான் மோட்டரைப் போடணும். மோட்டர்ல கரண்டு லீக் ஆவுது. உப்புத்தண்ணி வேற. நீ பாட்டுக்குத் தட்டிட்டீன்னா அங்கயே முடிஞ்சுடும்."

"தெரியும்ணா."

"எல்லாந்தான் தெரியும் உனக்கு."

அவருடைய பைக் சத்தம் வரப்போடு தேய்ந்து மறைந்தது. அப்புறம் கூரை மட்டும். டிக். டிக்.

வேறு எதுவும் தோன்றாமல் திரையில் தட்டினாள். இப்போது உப்பளத்தில் எத்தனை பேர்?

"மூவர்."

தான் ஒருத்தி. கிணற்றில் அம்சவள்ளி. இரண்டுதான் வர வேண்டும். அந்தோணிராஜ் இன்னும் போகவில்லையோ? போன் செய்தாள்.

"எங்கண்ணா இருக்கீங்க?"

"பஜார்ல. ஏன், நான் எங்க போறேன் வர்றேன்னு கூட உன் மெஷினு கேக்குதா?" வைத்துவிட்டார்.

ஜெயப்ரியா சர்வரை நிறுத்தினாள். நின்றுவிட்டதா என்று இரண்டு முறை சரிபார்த்தாள். இனி உதவியாளரிடம் ஒரு கருவியும் கிடையாது. கேட்டால் 'என்னால் பார்க்க முடியாது' என்றுதான் சொல்லும். அந்தப் பதிலைப் பார்த்தால் போதும், மனசு அடங்கிவிடும் என்று அதே கேள்வியைத் திரும்பத் தட்டினாள்.

"மூவர். ஒருவர் அறையில். ஒருவர் கிணற்றில். ஒருவர் வரப்பில் நடந்து வருகிறார்."

ஜன்னலைப் பார்த்தாள். ஆரஞ்சுச் சேலை, அதற்கு மேல் மாட்டிய ஆண்பிள்ளைச் சட்டை. அம்சவள்ளி வரப்பில் வந்துகொண்டிருந்தாள். ஜெயப்ரியாவுக்கு மூச்சு வந்தது. அக்கா வேலையை முடித்துவிட்டாள், அவ்வளவுதான்.

அப்படியானால் கிணற்றில் யார்?

வரப்பெல்லாம் சிந்திக் கிடக்கும் கல்லுப்பு, நாய் நடந்தாலும் நொறுங்கிச் சத்தம் போடும். இப்போது ஒரு சத்தமும் இல்லை. சேலை பெரிதாகிக்கொண்டே வந்தது. வாசலில் வந்து நின்றது.

"சேறு வாரிட்டேம்மா. மோட்டரைப் போடு."

அம்மாவா? மூன்று நாளாக அம்சவள்ளி அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டாள்.

"உள்ள வாக்கா. தண்ணி குடிக்கிறியா?"

"சேறு வாரிட்டேம்மா. மோட்டரைப் போடு."

அதே குரல். அதே இழுப்பு. நடுவில் அதே இடைவெளி. இரண்டு மணி நேரம் கிணற்றுச் சேற்றில் நின்றவளின் சேலையில் ஒரு சொட்டு ஈரமில்லை. நகக்கண்ணில் கறுப்பு இல்லை. இந்த வெளிச்சத்தில் எல்லோருக்கும் கண் சுருங்கும். அவள் கண்கள் அகலத் திறந்திருந்தன. இமைக்கவே இல்லை.

திரையில் எழுத்துகள் ஓடின. யாரும் எதையும் கேட்கவில்லை.

"கிணற்றில் இருப்பவர் அம்சவள்ளி."

சுவரோரமாக நகர்ந்தாள். சுவிட்ச் போர்டு. மோட்டாரின் பீங்கான் ஃபியூஸ். பிடுங்கினாள். கையில் இறுக்கிக்கொண்டாள்.

"சேறு வாரிட்டேம்மா."

வெளியே போக ஒரே வாசல். அதில் அது நின்றது.

உடம்பை ஒடுக்கி, நிலைப்படியில் முதுகு உரச, பக்கவாட்டில் நழுவினாள். அது தொடவில்லை. திரும்பவில்லை. கடந்த அந்த ஒரு நொடி மட்டும் சேற்று வாடை அறுந்துபோனது. வேர்வை நாற்றம், சாக்கு நாற்றம், எதுவும் இல்லை. மூக்கே இல்லாதது போல.

ஓடினாள். செருப்பு கழன்றது. உப்பு பாதத்தைக் கிழித்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

கிணற்றுக்குள் மார்பளவு தண்ணீரில், முகமெல்லாம் சேறாக, அம்சவள்ளி அண்ணாந்து பார்த்தாள்.

"என்னா பாப்பா, இப்புடி ஓடியாற? இன்னும் அரை மணி நேரம் ஆவும் எனக்கு."

"ஏறுக்கா."

"என்னா ஆச்சு?"

"கையக் குடு. ஏறு! ஏறு!"

குப்புறப் படுத்து எட்டிப் பிடித்தாள். வழுக்கியது. மணிக்கட்டைப் பிடித்தாள். தோள்பட்டை கழன்றுவிடும் போல இழுத்தாள். அம்சவள்ளியின் முழங்கால் வரப்பில் பட்டது. ஒரு கால் மேலே வந்தது. இன்னொரு கால்.

மோட்டார் உறுமியது.

இருவரும் அப்படியே கிடந்தார்கள். குழாய் அதிர்ந்து, குபுகுபுவென்று தண்ணீர் பாத்தியில் கொட்டியது. ஜெயப்ரியா உள்ளங்கையை விரித்தாள். ஃபியூஸ் அங்கேதான் இருந்தது.

"நீதான் இங்க இருக்கியே," என்றாள் அம்சவள்ளி. "மோட்டரைப் போட்டது யாரு பாப்பா? அங்க நிக்கிறது யாரு?"

அறை வாசலில் ஆரஞ்சுச் சேலை. அதன் பக்கத்தில் பச்சைச் சுடிதார். துப்பட்டாவை இடது தோளில் மட்டும் போட்டு முடிச்சிட்டிருந்தது. ஜெயப்ரியா கீழே குனிந்து தன் உடம்பைப் பார்த்தாள். பச்சைச் சுடிதார். இடது தோள். முடிச்சு.

பைக் வந்தது. அந்தோணிராஜ்.

"அண்ணா! இங்க! கிணத்தாண்ட!"

அம்சவள்ளி தலைத்துண்டை அவிழ்த்து வீசினாள். இருவருமாகக் கத்தினார்கள். நூறடி தூரம்கூட இருக்காது. அவர் வண்டியை நிறுத்தி, ஒயர் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலில் நின்றவளிடம் ஏதோ கேட்டார். பச்சைச் சுடிதார் பதில் சொன்னது. அந்தோணிராஜ் சிரித்தார்.

பிறகு ஓடுகிற மோட்டாரைப் பார்ப்பதற்காகக் கிணற்றுப் பக்கம் திரும்பினார். நெற்றியில் கையை வைத்து, கண்ணைச் சுருக்கி, நேராக அவர்களைப் பார்த்தார். அவர் பார்வை வரப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிதானமாகப் போயிற்று. எங்கும் நிற்கவில்லை. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். ஆரஞ்சுச் சேலை அவருக்குப் பின்னால் போனது.

பச்சைச் சுடிதார் மட்டும் நின்றது. வெயிலில் இமைக்காமல், கிணற்றடியையே பார்த்தபடி, கதவை உள்பக்கமாக மெதுவாக, மெதுவாகச் சாத்தியது.